இடது கட்டைவிரல் கொஞ்சம் காத்திருக்கட்டும்

என் நடைக்கு ஒரு சத்தம் உண்டு. வலது கால் டொக்கென்று விழும். இடது கால் உடனே வராது. தரையை லேசாக உரசிக்கொண்டு, யோசித்து, பிறகு தட்டென்று உட்காரும். சின்ன வயதில் போலியோ வந்து மெலிந்துபோன கால் அது. அதற்கென்று அடிப்பாகம் உயர்த்திய செருப்பை வேலூர் ஆஸ்பத்திரியில் செய்து தருவார்கள். தேயத் தேயப் போய் மாற்றிக்கொண்டு வருவேன். ஆம்பூரில் நான் வேலை செய்கிற ஷூ ஃபேக்டரியில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடுகிற ஹாலிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டுவிடும். கண் சொருகுகிற பெண்ணைப் பக்கத்தில் இருப்பவள் இடிப்பாள். "எழுந்திருடி, அக்கா வர்றாங்க."

ஜோடி சேர்ப்பதுதான் என் வேலை. பெட்டிக்குள் போவதற்கு முன்னால் வலதையும் இடதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் ஒத்துப்போகிறதா, தையல் ஒரே உயரத்தில் ஏறியிருக்கிறதா, தோலின் முகம் ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறதா. ஒத்துப்போக வேண்டும், ஆனால் அச்சாக ஒன்றாக இருக்காது, இருக்கவும் முடியாது. தோல் என்பது ஒரு ஆட்டின் மேல், ஒரு மாட்டின் மேல் இருந்தது. வலது தோளில் முள் கிழித்திருந்தால் இடது தோளில் அதே இடத்தில் கிழித்திருக்காது. ஜோடி சேராத காலை வைத்துக்கொண்டு ஜோடி சேர்க்கிறாள் என்று என்னைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அங்கே இல்லை. முதலில் சிரித்தது நான்தான்.

என் தம்பி என்னைவிட ரொம்பச் சின்னவன். என் கையைப் பிடித்துத்தான் நடை பழகினான். அதனால் ஒரு காலத்தில் அவனும் என்னைப்போலவே ஒரு காலைத் தாமதமாக எடுத்து வைத்தான். அம்மா பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் அவனைத் தனியாக நடக்கவிட்டுப் பார்த்தார், பிறகு என்னோடு நடக்கவிட்டுப் பார்த்தார். "இவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. பக்கத்துல வர்ற பொண்ணுக்காக நிக்கறான்" என்றார். அந்த நிற்பு அவனை விட்டு முழுதாகப் போகவே இல்லை. இன்றும் கூட்டத்தில் அவன் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் எனக்குத் தெரியும், யாரும் இல்லாத இடது பக்கத்துக்காக ஒரு கணம் தங்கிவிட்டு அடுத்த அடி வைப்பான்.

அவன் சென்னையில் வீடியோ கேம் செய்கிற கம்பெனிக்குப் போனான். வெளிநாட்டுக்காரர்கள் செய்கிற பெரிய கேம்களுக்கு இங்கேயிருந்து துண்டு துண்டாக வேலை செய்து அனுப்புகிற இடம். முதலில் கிடைத்தது சிப்பாய்களின் பூட்ஸ். தோல் ஊர்க்காரன், நீயே செய் என்றார்களாம். போன் பண்ணுவான். "அக்கா, கணுக்கால் மடங்கற எடத்துல கோடு எப்டி விழும்?" நான் கையில் இருக்கிற ஷூவை மடக்கிப் பார்த்துச் சொல்வேன். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது போனில் காட்டினான். பளபளவென்று ஒரு ஜோடி. வலது ஷூவின் மூக்கில் முள் கிழித்த தழும்பு. இடது மூக்கிலும் அதே தழும்பு, எதிர்ப்பக்கமாக.

"இன்னாடா இது, ரெண்டு கால்லயும் ஒரே எடத்துல கிழிச்சிருக்கு?"

"ஒண்ணத்தான்க்கா செய்வோம். அதத் திருப்பிப் போட்டுடுவோம், கண்ணாடில காட்டற மாதிரி. வேல மிச்சம்."

"என் டேபிளுக்கு வந்தா ரிஜெக்ட்."

"உன் டேபிளுக்கு வராது. இத மாட்டிக்கினு ஓடறவன் கீழ குனிஞ்சி பாக்கவே மாட்டான். சுட்டுக்கினே இருப்பான்."

அடுத்த வருடமும் சிப்பாய். அதற்கடுத்தும் சிப்பாய். சட்டை மாறும், ஊர் மாறும், துப்பாக்கியின் பெயர் மாறும். மழை மட்டும் ஒவ்வொரு தடவையும் இன்னும் அழகாகப் பெய்யும். அந்த மழைக்காக இவன் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். துளி தோளில் பட்டுத் தெறிப்பதை, தெறித்தது காலரில் ஊறுவதை. எனக்குக் காட்டியபோது உண்மையாகவே குளிரடித்தது. இத்தனை பெரிய மழைக்குள் எதற்கு மறுபடியும் அதே ஆள், அதே ஓட்டம் என்று கேட்டேன்.

"எவ்ளோ காசு கொட்டியிருக்காங்க தெரியுமாக்கா? அவ்ளோ கொட்டினவன் பயந்துதான் நிப்பான். போன தடவ வித்தது எதுவோ அதையே பண்ணுன்னுதான் சொல்வான்."

"அப்போ காசு இல்லாம இருந்தா?"

"இந்த மழை இருக்காது."

அது நியாயம்தான். எனக்கும் அது தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உண்ணிக் கடியும் சாட்டைத் தழும்பும் நிறைந்த தோல் வந்தால் அதன் மேல்முகத்தைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். மழமழவென்று முகமே இல்லாமல் ஆகும். பிறகு சாயம் பூசி, சூடான இரும்புத் தகட்டால் அழுத்துவார்கள். தகட்டில் தோலின் மேடுபள்ளம் ஏற்கெனவே வெட்டியிருக்கும். எந்த மாடாக இருந்தாலும் வெளியே வரும்போது ஒரே முகம். மலிவு, சுருக்கம் விழாது, வாங்குகிறவனுக்குத் தொல்லை இல்லை. அதைக் குறை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என் சோற்றில் பாதி அந்தத் தகட்டிலிருந்து வந்தது. இதை அவனிடம் சொன்னேன். "எங்க ஆபீஸ்லயும் அந்தத் தகடு இருக்குக்கா. சூடுதான் தெரியும், தகடு தெரியாது."

வெளிநாட்டு ஆர்டர் கம்மியான ஒரு சமயத்தில், சும்மா இருக்கிற நேரத்தில் போனில் ஓடுகிற மாதிரி சின்னதாக எதையாவது சொந்தமாகச் செய்து பாருங்கள் என்று முதலாளி சொன்னாராம். இவன் அந்த வாரமே குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். சாயங்காலம் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலாற்றுக்குப் போனான். தண்ணீர் இல்லாத ஆறு. மணலை அள்ளிக்கொண்டு போன பள்ளங்கள், பள்ளங்களைச் சுற்றி முள், அங்கங்கே கறுத்துக் காய்ந்து அப்பளம் மாதிரி வெடித்த சேறு.

"நடக்கா."

நடந்தேன். அவன் போனைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், பின்னால், தரையில் படுத்துக்கொண்டு.

"இன்னாடா, மாடு புடிக்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கற?"

"மூஞ்சி வேணாம்க்கா. இடுப்புக்குக் கீழதான்."

"மூஞ்சி இல்லாம எடுத்தா நல்லாத்தான் இருப்பேன், ஒத்துக்கறேன். பல்லப் புடிச்சிப் பாக்காம விட்டியே."

சத்தத்தையும் தனியாகப் பிடித்தான். மணலில், கூழாங்கல்லில், அந்தக் கறுத்த சேற்றில். சேறு காலடியில் நொறுங்குவது பிஸ்கெட் மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அக்கா, இத ஒரு கேம்ல வச்சுக்கட்டுமா? உன் நடைய?"

யோசித்தேன். சின்ன வயதிலிருந்து என் நடையைப் பார்த்தவர்கள் எல்லாருடைய வாயிலிருந்தும் ஒரு சொல் வரும். பஸ்ஸில் இடம் கொடுப்பவர்கள், சர்ச்சில் திரும்பிப் பார்ப்பவர்கள், பெண் பார்க்க வந்துவிட்டுக் காபியோடு எழுந்து போனவர்கள். நல்ல மனதோடு சொல்வார்கள். நான் அதைச் செருப்பில் ஏறின கல் மாதிரி வீட்டுக்குக் கொண்டு வருவேன்.

"வச்சுக்க. ஆனா ஒண்ணு. அதப் பாத்து ஒருத்தரும் பாவம்னு சொல்லக் கூடாது. அந்த மாதிரி பண்ண முடிஞ்சா பண்ணு."

"சொல்ல மாட்டாங்க" என்றான். அப்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவன் செய்த கேம் இதுதான். ஒரு பெண் காய்ந்த ஆற்றைக் கடக்க வேண்டும். அக்கரையில் ஒரு பஸ் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறது. துரத்துகிறவன் இல்லை, சுடுகிறவன் இல்லை. வலது கட்டைவிரலை வைத்தால் வலது கால். இடது கட்டைவிரலை வைத்தால் இடது கால். ஆனால் இடதை உடனே வைத்தால் விழுந்துவிடுவாள். ஆரம்பத்தில் திரையில் ஒரே ஒரு வரி வரும்: இடது கட்டைவிரல் கொஞ்சம் காத்திருக்கட்டும். எவ்வளவு நேரம் என்று அது சொல்லாது. மணலுக்கு ஒரு காத்திருப்பு, கல்லுக்கு வேறு, சேற்றுக்கு வேறு. மலிவான போனிலும் ஓட வேண்டும் என்பதால் பெரிய ஆறெல்லாம் வரைய முடியவில்லை. காலுக்கடியில் இருக்கிற தரையை மட்டும் வரைந்தான். மற்றதெல்லாம் சத்தம். தூரத்து ரயில், எங்கோ தோல் ஊறுகிற மர டிரம் உருளும் கடகடப்பு, ஒரு நாய். இல்லாமைகூட சில சமயம் ஒருவனைக் கெட்டிக்காரன் ஆக்கும். இந்த நெருக்கடி வேறு, பிறகு வந்த நெருக்கடி வேறு. இது கையில் இருக்கிற பொருளிலிருந்து வந்தது. தோல் இவ்வளவுதான், இதற்குள் வெட்டு என்பது மாதிரி.

முதலில் என் கையில்தான் கொடுத்தான். இரண்டாவது அடியில் விழுந்தேன். எழுந்து மறுபடியும் விழுந்தேன். இருபது அடி வைப்பதற்குள் மணலெல்லாம் புரண்டுவிட்டேன்.

"உனக்கே வரலியாக்கா!"

"எனக்குக் கால்ல வரும்டா. கைல எப்டி வரும்?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டு வைத்தேன். வந்தது. கட்டைவிரலுக்குள் என் இடுப்பு இறங்கி உட்கார்ந்தது மாதிரி இருந்தது. அப்போது ஒன்று புரிந்தது. இதை விளையாடுகிறவர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், கொஞ்ச நேரத்துக்கு என் பக்கத்தில் நடப்பார். பார்க்க மாட்டார், நடப்பார். பார்த்தால்தானே அந்தச் சொல் வரும்? அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் அங்கேயே இருந்தது. எத்தனை தடவை விழுந்தாலும் அது கிளம்பாது. அவள் ஏறினதும் விளக்குப் போடுவார்கள். அவ்வளவுதான் முடிவு.

கம்பெனி அதை வெளியிட்டது. முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தாராம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் நாலு வரி எழுதினார்கள், இவன் படித்துக் காட்டினான். ஒருத்தர்கூட அந்தச் சொல்லை எழுதவில்லை. ஒரு அம்மாள், என் கணவரோடு கோயிலைச் சுற்றுகிற மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார். அந்தக் கணவர் பக்கவாதக்காரர் போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தான். தட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் முதல் தடவ விழுந்ததும் மூடிட்டுப் போய்ட்றாங்கக்கா."

"விழுந்தாதானடா கத்துக்குவாங்க."

"அதுக்குள்ள வேற ஒண்ணுக்குப் போய்டுவாங்க. பக்கத்துலயே எப்பவும் இன்னொரு கேம் இருக்கு. எந்த எடத்துல விட்டுட்டுப் போறாங்கன்னு கோடு போட்டுக் காட்றாங்க. முதல் அடில ஒரு பெரிய பள்ளம். முதலாளி அந்தப் பள்ளத்தத்தான் பாக்கறார். அந்தப் பக்கம் போனவங்களப் பாக்கல."

மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் மணலில் தங்கக் காசுகள் முளைத்தன. பிறகு அவளுக்கு விதவிதமான செருப்புகள். தினமும் வந்து பார்த்தால் ஒரு பரிசு. அவன் போனில் சொல்லச் சொல்ல, எங்களுக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது வேண்டாம், அது வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது, எல்லா வேலையும் இப்படித்தான் என்றுதான் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்து பஸ். அக்கரையில் நிற்கிற பஸ்ஸுக்கு நேரம் வைத்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் கிளம்பிவிடும். அவசரம் இருந்தால்தான் ஆட்கள் இருப்பார்களாம். அதற்காக இவன் ஆபீஸில் கத்தியிருக்கிறான். கதவைச் சாத்தாத குறை. இருந்தும் பஸ் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நேரில் வந்தான். ஞாயிறு, சர்ச் முடிந்து எல்லாரும் போன பிறகு வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பேசினோம்.

"காலு நேராகற மாதிரி வைக்கச் சொல்றாங்க."

"யார் காலு?"

"அவ காலு. ஒரு விளம்பரத்தப் பாத்தா கொஞ்ச நேரத்துக்கு நேரா நடப்பா. அப்புறம் திரும்பிடும். காசு கொடுத்து வாங்கிட்டா எப்பவும் நேரா நடப்பா."

காற்றே இல்லை. உள்ளே யாரோ பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ விட்டுட்டு வாடா."

"விட்டுட்டு எங்க போறது? போற எடத்துலயும் அதே தகடுதான்." பிறகு கேட்டான். "ஒண்ணு பண்ணட்டுமாக்கா? உன் நடைய மொத்தமா எடுத்துடறேன். வேற பொம்ம நடை வச்சிடறேன், எல்லாக் கேம்லயும் இருக்கற மாதிரி. அதுக்கு ஒத்துக்குவாங்க. எடுத்தா அவ நேராவே நடப்பா, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எடுக்கலன்னா உன் நடை இருக்கும். ஆனா எல்லாரும் அதுலருந்து தப்பிக்கத்தான் பாப்பாங்க. நீ சொல்லு."

நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டால் தேய்த்து எடுத்த தோல். விட்டுவிட்டால் தழும்புக்கு விலை.

"இருக்கட்டும்டா. எவளாச்சும் ஒருத்தி காசு குடுக்காம கத்துக்குவா."

கேம் பிய்த்துக்கொண்டு ஓடியது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு எங்களைக் கொண்டு போகிற கம்பெனி பஸ்ஸிலேயே ஓடியது. காலையில் பூ வைத்துக்கொண்டு, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தையல் வரிசைப் பெண்கள் குனிந்து விளையாடுவார்கள். அவர்களுக்கு அதன் பெயர் வேறு. "ஏய், நொண்டி கேம் வச்சிருக்கியா, எனக்கும் ஏத்திக் குடுடி."

"ஐயோ, பஸ்ஸு போய்டும், பஸ்ஸு போய்டும்! விளம்பரம் போடுடி சீக்கிரம்!"

தலைக்குத் தடவுகிற எண்ணெய் விளம்பரம் ஓடும். முடிந்ததும் கால் நேராகும். டக் டக் டக் டக் என்று ஓடுவாள், காசுகள் கிணிகிணியென்று சேரும். நேரம் முடியும்.

"சே! மறுபடியும் வந்துடுச்சுடி."

மறுபடியும் வந்தது என் கால். டொக்... சர்ர், தட். அவன் என் சத்தத்தை மாற்றவில்லை. முன் சீட்டிலிருந்து, பின் சீட்டிலிருந்து, ஜன்னலோரத்திலிருந்து, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க என் காலடிகள் பஸ் முழுக்க நடந்தன, ஒவ்வொரு முறையும் ஒரு சலிப்போடு. ஒரு நாள் நான் பஸ்ஸில் ஏறி நடைபாதையில் வரும்போது ஒரு பெண் குனிந்து தன் போனைப் பார்த்தாள், விளையாட்டு தானாக ஆரம்பித்துவிட்டதோ என்று. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றாமல் மறுபடியும் குனிந்துவிட்டாள்.

எனக்கு அங்கே ஒரு தோழி. பாக்கிங்கில் வேலை. எங்கள் தெருதான், என் வயதுதான். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் கேட்டுக்கும் நடுவே என் இடது பக்கத்தில் நடக்கிறவள். வாய் ஓயாது. மாமியார், மருமகள், தக்காளி விலை, சூப்பர்வைசரின் மீசை. ஒரு நாள்கூட என் காலைப் பார்த்ததில்லை, கையைப் பிடித்ததில்லை. அவளிடம் அந்தக் கேம் எப்படியோ வந்து சேர்ந்தது. மகள் போட்டுக் கொடுத்தாளாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முதல் தடவையாக விளையாடினாள்.

அவள் விழவில்லை.

நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். வலது. நிற்பு. இடது. வலது. நிற்பு. இடது. வாய் தன் பாட்டுக்கு மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் தன் பாட்டுக்குக் காத்திருந்தது. மணலைக் கடந்தாள், கல்லைக் கடந்தாள், அந்தக் கறுத்த சேற்றில் யாருமே போகாத நடுவழியாகப் போனாள். ஒரு விளம்பரம் பார்க்கவில்லை. பஸ் கிளம்புவதற்குள் ஏறிவிட்டாள். பின் சீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

"எப்டி ஆன்ட்டி? எங்களால ஒரு அடி வைக்க முடியல."

"இன்னா பெரிய பேஜாரு? கொஞ்சம் நின்னு நின்னு போனா போவுது. உங்களுக்கெல்லாம் அவசரம் ஜாஸ்தி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தி வந்துவிட்டாள். தம்பிக்கு உடனே போன் பண்ண வேண்டும் என்று கை பரபரத்தது. அந்தப் பரபரப்பில் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

"அது என் நடைடி."

"எது?"

"அதான். என் தம்பி பண்ணது. என்ன ஆத்துல நடக்கவிட்டு எடுத்தான். அதான் உனக்கு வருது."

அவள் போனைப் பார்த்தாள். என் செருப்பைப் பார்த்தாள், உயர்த்திய அடியை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. அதற்குப் பிறகு ஆம்பூர் வரை அவள் பேசவே இல்லை. நான் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் விழாமல் போனதை, அவள் சொன்னதை, அப்படியே பேசிக் காட்டினேன். "நல்லாருக்குக்கா" என்றான். குரல் நன்றாக இல்லை.

"இன்னாடா?"

"இரண்டாம் பாகம் பண்ணச் சொல்லிட்டாங்க. கால நேராக்கறதுதான் நல்லா வித்துதாம். ஆனா அதே கால திரும்ப விக்க முடியாதாம். வேற ஒண்ணு வேணுமாம். உங்க ஊர்ல வேற என்னா இருக்குன்னு முதலாளி கேக்கறார்."

"வேற என்னான்னா?"

"மூச்சு வாங்கறது, கண்ணு மங்கலா தெரியறது. அந்த மாதிரி. குணமாக்கி விக்கற மாதிரி."

அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்து இருமி இருமிச் செத்தவர். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. பண்ணப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. மழைக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்தவன், இருமலையும் நன்றாகத்தான் செய்வான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். தோழி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். வழக்கமாக நான்தான் அவளுக்குப் பிடிப்பேன்.

"உக்காரு, உக்காரு. மெதுவா. உனக்கு ஒண்ணு காட்டறேன் பாரு."

போனை எடுத்தாள். காய்ந்த ஆறு. அந்தப் பெண். தங்க நிறச் செருப்பு. நேராக நடந்துகொண்டிருந்தாள், விறுவிறுவென்று, முதுகில் ஒரு அசைவு இல்லாமல், ஆயிரம் கேம்களில் ஆயிரம் பொம்மைகள் நடக்கிற அதே நடை. டக் டக் டக் டக்.

"வாங்கிட்டேன். மகளக் கேட்டு நேத்து வாங்கினேன். இனிமே திரும்பவே திரும்பாதாம். விளம்பரமும் வராதாம்."

"உனக்குத்தான் நல்லா வந்துதேடி. நீதான் விழவே இல்லியே."

"அதுக்கில்லடி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பொய்யே இல்லாத கண். "நீன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் மனசே வரல. உன்னப் போய் அந்த வெயில்ல இழுத்து இழுத்து நடக்கவிட்டு... பாவமா இருந்துச்சு. உனக்காகத்தான் வாங்கினேன்."

காசு கொடுத்து வாங்கின நடைக்குக் கட்டைவிரலே தேவையில்லை. ஒருதடவை தொட்டால் போதும், தானாகப் போகும். அவள் போனை மடியில் வைத்துவிட்டாள். அந்தப் பெண் யாரும் இல்லாமல் ஆற்றைக் கடந்தாள். தோழியின் இடது கட்டைவிரல் மட்டும் கொஞ்ச நேரம் போன் திரைக்கு மேலே தூக்கினபடி நின்றுகொண்டிருந்தது. பிறகு அதுவும் முந்தானைக்குள் போய்விட்டது.

"நல்லாருக்குடி" என்றேன்.

ஃபேக்டரி நிறுத்தத்தில் இறங்கினோம். கேட் வரைக்கும் கொஞ்சம் மேடு, சரளைக்கல். எங்கள் கால்களுக்கு மனப்பாடமான தூரம். டொக். அவள் நின்றாள். சர்ர், தட். இரண்டு மூன்று அடிதான் போயிருப்போம். அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். சட்டென்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், கெட்டியாக, நோயாளியைப் பிடிக்கிற மாதிரி.

பிடித்ததும் தாளம் தப்பியது. நான் இடதை எடுப்பதற்குள் அவள் இழுத்தாள், அவள் நிற்பதற்குள் நான் வைத்தேன். அந்தச் சரளையில் நான் ஒரு நாளும் தடுமாறியதில்லை. அன்று தடுமாறினேன்.

"பாத்து, பாத்து" என்றாள், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.